என் தாடையும் மஞ்சக்குட்டைத் தோட்டமும்

ஏற்காடு,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள கமலா அக்காவுக்கு, தங்கை கலாவதி எழுதுவது. இங்கு என் தாடையைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீங்களும், மாமாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். இரண்டு விரல்தான் நுழைந்தது. மூன்று நுழைய வேண்டுமாம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. கொழுந்தனார் பொன்னுவேல் வந்து, அப்பா நமக்கு விட்டுப்போன மஞ்சக்குட்டைக் காப்பித் தோட்டத்தில் மரங்களை வெட்டிவிட்டுக் காட்டேஜ் கட்டலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். நான் பேரிக்காயைக் கடித்தேன், காதோரம் டக்கென்றது, தாடை பூட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, சம்மதந்தானே என்று வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். "அண்ணி தட்டை வாங்கிட்டாங்க, அப்புறமென்னங்க" என்று பேச்சையே முடித்துவிட்டார்கள். மறுநாள் வாய் கொஞ்சம் திறந்தபோது கேட்க ஆளில்லை.

நேற்று என் வீட்டுக்காரர் சேலத்துக்குக் கூட்டிப்போனார். பிசியோதெரபி பார்க்கும் பெண், பேர் லட்சுமி, சின்ன வயசுதான். எந்தப் பக்கம் வலி என்று என்னைக் கேட்டாள். "வலது பக்கமுங்க" என்றார் இவர். எனக்கு இடது. எப்போது வலி அதிகம் என்றாள். "எப்பவாச்சும்தானுங்க. இவ பேசறதே கம்மி, வாய்க்கு அவ்வளவா வேலை இல்லைங்க." அவள் என் வாய்த் திறப்பை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டே, "ஏனுங்க சார், வாய் உங்களுதுங்களா, அம்மாவுதுங்களா?" என்றாள். இவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் கன்னம் இரண்டிலும் விரல் வைத்து, "இப்பச் சும்மா எதையாச்சும் பேசுங்க சார்" என்றாள். மழையைப் பேசினார், மிளகைப் பேசினார், கன்னம் பஞ்சு மாதிரி இருந்ததாம். காட்டேஜ் என்றதும் கல்லாகிவிட்டது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். மறுபடியும் கல். "இப்படிப் பல்லைக் கடிச்சுட்டே இருந்தா பூட்டிக்கத்தான் செய்யும்மா. உதடு சேரலாம், பல்லு சேரக்கூடாது." திரும்பும்போது பஸ்ஸில் இவர் சொன்னார்: "மலைக்குளிரு புள்ள. நொம்ப யோசிக்காத."

ஆகவே திங்கட்கிழமை நீங்கள் பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

அன்புத் தங்கை,
கலாவதி

பின்குறிப்பு: கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு, சரி என்று இவர் குளிக்கப் போய்விட்டார். திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் நேரே வந்து சண்டை போடுங்கள், பதில் சொல்லும் அளவுக்கு வாய் திறக்கிறது. நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இங்கே இன்னும் யாருக்கும் தெரியாது.