விமானம் பறப்பது விண்ணப்பத்தினால்

விமானம் காற்றினால் பறக்கிறது என்பது விஞ்ஞானிகளின் கட்சி. எரிபொருளினால் பறக்கிறது என்பது கம்பெனிக்காரர்களின் கட்சி. இரண்டும் தவறு. விமானம் விண்ணப்பத்தினால் பறக்கிறது. முறையாக எழுதி, நகல் எடுத்து, உரிய இடைவெளியில் நினைவூட்டிக்கொண்டே இருந்தால் உலகில் எதுவும் தரையில் தங்காது. இந்த மகத்தான உண்மையைக் கண்டறிந்தவர், மும்பை மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வாழும் திரு. சுந்தரராமன்.

பெரியதொரு சர்க்கார் அலுவலகத்தின் கடிதப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் உழைத்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவர் அவர். சரியாகச் சொன்னால், ஓய்வு பெற்றது அந்த அலுவலகம்.

அவருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று: 'இல்லை' என்பது பதில் அல்ல, கோப்பின் நடுப்பக்கம். இரண்டு: ஆட்சேபணை எழும் முன்பே விளக்கம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஆடிட்டர் வாயைத் திறப்பதற்குள் பதிலை அவர் மேஜையில் வைத்துவிட்டால் அவரால் என்ன கேட்க முடியும்? இந்த இரண்டாவது கொள்கையின் பலத்தால் அவர் பணியாற்றிய காலம் முழுவதும், யாருக்குமே தெரியாமல் போயிருக்கக்கூடிய பல தவறுகள் முறைப்படி வெளிச்சத்துக்கு வந்தன.

இவருடைய ஒரே மகன் நகுல் பைலட். அதாவது, பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவன். பிழைப்புக்குக் குர்லாவில் ரயில் மாறி வாஷி போய், ஒரு சரக்குக் கம்பெனியில் கன்டெய்னர்கள் எங்கே போகின்றன என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தரையை விட்டு மேலே எழுவது, ஹார்பர் லைன் வண்டி வாஷிப் பாலத்தில் ஏறுகிற அந்தச் சில நிமிஷங்கள்தான். வருஷத்துக்கு ஒருமுறை லீவு போட்டுப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், லைசென்ஸ் செத்துவிடாதபடி சில மணி நேரம் பறந்துவிட்டு வருவான்.

ஒன்பது வருஷத்தில் எட்டு இன்டர்வியூ. எட்டிலும் எழுத்துத் தேர்வில் தேறினான். சிமுலேட்டர் என்கிற பொய் விமானத்திலும் தேறினான். கடைசியில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இவன் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பத்து நாள் கழித்து 'வருந்துகிறோம்' வரும்.

குறை தன் மேல்தான் என்று நகுல் நம்பினான். முதலில் டையை மாற்றினான். பிறகு உச்சரிப்பை மாற்றினான். ஐந்தாவது 'வருந்துகிறோம்' வந்த பிறகு செம்பூரில் ஓர் இன்டர்வியூ பயிற்சி வகுப்பில் சேர்ந்தான். அவனுடைய சிரிப்பில் 'தலைமைப் பண்பு' போதவில்லை என்று அங்கே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன் பதினொரு நிமிஷம் தலைமைப் பண்போடு சிரித்தான். அவனுடைய அம்மா அம்மிணி இரண்டு நாள் பார்த்துவிட்டு, பல்வலியா என்று கேட்டாள்.

சுந்தரராமன் சும்மா இருப்பாரா? இன்டர்வியூவுக்கு முன் ஒரு கடிதம். பின் ஒரு கடிதம். மறுப்பு வந்ததும் முறையீடு. முறையீட்டுக்குப் பதில் இல்லையென்றால் நினைவூட்டு. நாலாவது தோல்விக்குப் பிறகு நகுல் அவர் எதிரே உட்கார்ந்து, இனிமேல் யாருக்கும் லெட்டர் எழுதுவதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கினான். அவரும் மனமுவந்து செய்துகொடுத்தார்.

அந்த வருஷம் ஆகஸ்டில் நகுலுக்கு முப்பத்தைந்து முடிய இருந்தது. விளம்பரத்தில் போட்டிருந்த வயது வரம்பும் அதுதான். ஆகவே ஜூனில் வந்த ஒன்பதாவது இன்டர்வியூவே கடைசி. அதில் தேறினால் வானம். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் கன்டெய்னர்.

அந்தேரியில் இன்டர்வியூ. துணைக்கு வருகிறேன் என்று சுந்தரராமனும் துணிப்பையில் மூன்று ஃபைல்களோடு கிளம்பினார். கீழே ஓட்டலில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்படி நகுல் கெஞ்சிவிட்டுப் போனான். அவர் குடித்து முடித்து, மாடியேறி வரவேற்பறையில் அமர்ந்தார். முக்கால் மணி நேரத்தில் உள்ளேயிருந்து கேப்டன் ஜஹாங்கீரே வந்தார். தேர்வுக் குழுவின் தலைவர். மிஸ்டர் சுந்தரராமன் நீங்கள்தானா, கொஞ்சம் உள்ளே வர முடியுமா என்று ஹிந்தியில் கேட்டார்.

சுந்தரராமனுக்கு உடம்பு சிலிர்த்தது. நேர்முக விசாரணை! மனுப் போடுகிறவன் உயிரோடு இருக்கும்போதே அடையக்கூடிய சொர்க்கம் அல்லவா அது?

உள்ளே மேஜை மேல் ஒரு சாண் உயரத்துக்குக் காகிதம் அடுக்கியிருந்தது. அத்தனையும் தன்னுடைய படைப்புகள் என்பதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு அவர் பூரித்தார். நகுலும் அந்த அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் தலைமைப் பண்பு மருந்துக்கும் இல்லை.

ஜஹாங்கீர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். 'என் மகனுக்கு உயரம் கண்டால் பயம் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். மூன்றாம் மாடி பால்கனியில் தனியாகவே நின்று துணி உலர்த்துகிறான்.' 'தூக்கத்தில் நடக்கும் பழக்கம் அவனுக்கு அறவே இல்லை. பேசுவது மட்டும் எப்போதாவது.' 'பஸ்ஸில் வாந்தி எடுப்பது பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு புனே மலைப்பாதையில் நிகழ்ந்ததற்குச் சாப்பிட்ட வடாபாவ்தான் பொறுப்பு.'

"இவருக்கு உயரம்னா பயம்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டார் ஜஹாங்கீர்.

"யாரும் சொல்லலை ஸார். சொல்லிடப்படாதேன்னுதான்."

ஜஹாங்கீர் பொறுமையாக விளக்கினார். இதுவரை மூன்று கம்பெனிகளில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றுக்கும் இதே கடிதங்கள் வந்தன. மற்றக் கம்பெனிகளிலும் விசாரித்துவிட்டார். இருநூறு பேர் உயிர் சம்பந்தப்பட்ட வேலை. பயம், வாந்தி, தூக்கத்தில் பேச்சு என்று பெற்ற தகப்பனே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு, படித்ததைப் படிக்காததாக எப்படி வைத்துக்கொள்வது? எட்டுத் தடவையும் பையன் தேறியிருக்கிறான். எட்டுத் தடவையும் இந்தக் காகிதத்தால்தான் விழுந்தான்.

நகுல் மெதுவாகத் திரும்பினான். "நிறுத்திட்டேன்னு சத்தியம் பண்ணினியேப்பா."

"லெட்டரை நிறுத்திட்டேன்டா. அதுல நான் சுத்தம். இதெல்லாம் ரிமைண்டர்."

ஜஹாங்கீர் கடிதங்களை ஓரமாகத் தள்ளினார். சிமுலேட்டரில் ஓர் எஞ்சினை நிறுத்திப் பார்த்ததாகவும், இவ்வளவு பதறாத கையைத் தன் இருபத்தெட்டு வருஷத்தில் நாலைந்து பேரிடம்தான் கண்டதாகவும் சொன்னார். உடல் பரிசோதனையையும் தனியாக ஒருமுறை செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு குறையும் இல்லை. ஆகவே எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை. இனி இந்த அலுவலகத்துக்கு அப்பாவிடமிருந்து ஒரு வரி வரக் கூடாது. நன்றிகூட வேண்டாம்.

சுந்தரராமன் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். "இதை எழுத்து மூலமா கன்ஃபர்ம் பண்ணிடட்டுமா ஸார்?" என்றும் கேட்டார்.

ஜஹாங்கீர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நகுலை வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த பதினொரு நாளும் சுந்தரராமன் காத்த மௌனம் முனிவர்களையே வெட்கப்பட வைக்கும். கை சும்மா இராமல் மின்சார அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். தெருவிளக்கைப் பற்றி இரண்டு. வேறு யாரும் அகப்படாததால் அம்மிணியின் தம்பிக்கு ஒன்று. விமானக் கம்பெனிக்கு மட்டும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை, வேலை உத்தரவு ஈமெயிலில் வந்தது. நகுல் அதை மூன்று தடவை படித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டான். அம்மிணி பாயசம் வைத்தாள். சுந்தரராமன் உத்தரவைப் பிரிண்ட் எடுத்துவரச் சொல்லி, சிவப்புப் பென்சிலோடு படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"கடித எண்ணே போடலையேடா. நம்பர் இல்லாத உத்தரவு நாளைக்குக் கோர்ட்டுல நிக்குமா?"

"அப்பா, ப்ளீஸ். வேண்டாம்."

அம்மிணி வந்து பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை நகுல் ராஜினாமாக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வாஷிக்குக் கிளம்பினான். சுந்தரராமன் பதினொன்றரை வரை போராடினார். பிறகு உண்மை பளிச்சென்று விளங்கியது. அவர் எழுதக் கூடாதது லெட்டரும் ரிமைண்டரும்தானே? இது ஒப்புதல் ரசீது. கிடைத்ததைக் கிடைத்தது என்று சொல்வது குடிமகனின் கடமை. ஐந்தே ஐந்து அம்சங்களில் அடக்கமாக முடித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தே கிடந்த நகுலின் ஈமெயில் வழியாக அனுப்பினார். கடித எண் இல்லை. பொருள் குறிப்பிடவில்லை. பார்வை குறிப்பிடவில்லை. முடிவில் 'அன்புடன்' என்பது உத்தரவுக்கு ஒவ்வாது. பணியில் சேரும் நேரம் திங்கட்கிழமை காலை எட்டு என்றிருப்பது ராகு காலத்தில் விழுகிறது, ஒன்பதுக்கு மேல் மாற்றித் தரவும்.

பன்னிரண்டே காலுக்குப் பதில் வந்துவிட்டது. அவருடைய வாழ்க்கையிலேயே இவ்வளவு விரைவாக ஒரு பதில் வந்ததில்லை. வேலை உத்தரவு ரத்து செய்யப்படுகிறது என்று இரண்டு வரி. ஆனால் மேலே கடித எண் இருந்தது. பொருள் இருந்தது. 'பார்வை: தங்கள் தந்தையாரின் இன்றைய கடிதம்' என்றும் இருந்தது.

நகுல் திரும்பி வந்ததும் அதை அவனிடம் காட்டினார். "பாத்தியா, நாம எடுத்துச் சொன்னதும் திருத்திண்டுட்டா."

நகுல் அதைப் போனிலேயே பார்த்திருந்தான். கொடுக்காமல் வைத்திருந்த ராஜினாமாவைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்தான். அந்த வாரமே வாஷியில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனான். ரயிலில் ரொம்ப நேரம் வீணாகிறது என்று அம்மாவிடம் சொன்னான். பையனுக்கு நேரத்தின் அருமை தெரிந்துவிட்டதென்று சுந்தரராமன் மகிழ்ந்தார். ஆகஸ்ட் வந்தது, போனது. வயது வரம்பைத் தளர்த்தக் கோரும் மனு இப்போது நாலாவது நினைவூட்டில் இருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் சும்மா விடுமா? கட்டடச் சங்கத்தின் ஆண்டு விழாவில், காரியதரிசி ஜெயராம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி 'விடாமுயற்சித் திலகம்' என்ற பட்டத்தை வழங்கினார். சுந்தரராமன் மைக்கைப் பிடித்தார். ஒன்பது தடவை நிராகரித்தார்கள், நான் ஒரு தடவைகூடத் தளரவில்லை என்றார். கூட்டம் கை தட்டியது. ஒன்பது தடவையும் நிராகரிக்கப்பட்டது யார் என்ற அற்ப விவரத்தை யாரும் கேட்கவில்லை.

"ஸார், நகுல் இன்னிக்கு இருக்கற இந்த நிலைமைக்கு நீங்க யாருக்கு நன்றி சொல்லுவேள்?" என்று நெகிழ்ந்துபோய்க் கேட்டார் ஜெயராம். கடவுள் என்பார், இல்லாவிட்டால் மனைவி என்பார் என்று சபை எதிர்பார்த்தது.

சுந்தரராமனுக்குப் பொய்யான அடக்கம் பிடிக்காது. "இதுல இன்னொருத்தருக்குப் பங்கே கிடையாது. முழுக்க முழுக்க நான் ஒருத்தன்தான்" என்றார்.

கைதட்டல் ஓயும்வரை முன்வரிசையில் அம்மிணி காத்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

"அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கோ" என்றாள். "ஒரு காப்பி வாஷிக்கு அனுப்புங்கோ."