தேனிலவில் ஒரு வாடை

தேனிலவுக்கு யாராவது ராமேஸ்வரம் போவார்களா என்று கேட்காதீர்கள். நாங்கள் போனோம். எழுபதுகளின் கடைசியில், அதுவும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து.

தப்பு முழுக்க என்னுடையது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். மத்தியான இடைவேளைகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்துத் தள்ளியதில், கல்யாணமானதும் ஒரு தீவுக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்று மண்டையில் ஏறிவிட்டது. (தென்னை மரம், வெண்மணல், காற்றில் பறக்கும் என் சேலை.) கணவர் சாமுவேல் ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாணமான புதிது என்பதால் மறுக்கத் தெரியவில்லை. ரயில் போகிற தீவு எது என்று விசாரித்து டிக்கெட் எடுத்துவிட்டார். கல்யாணமாகி ஒரு வாரத்துக்குள் குழந்தைக்கு வேண்டிக்கொள்ள என்ன அவசரம் என்று அம்மா கேட்டாள். போதகர் எங்களுக்காகத் தனியாக ஜெபம் செய்தார்.

புறப்படும்போது சாமுவேல் எனக்கு ஒரு தோல் கைப்பையைப் பரிசளித்தார். தோலைத் தானே பொறுக்கி எடுத்து, ஆம்பூரில் தைக்கக் கொடுத்தாராம். அழகான பை. முதல் நாள் சாயங்காலமே ஓர் அலை வந்து என்னையும் பையையும் நனைத்துவிட்டுப் போனது. தொடர்கதையிலும் இப்படித்தான் நனைவார்கள் என்பதால் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து வாடை. பரணில் எலி செத்த வீடு மாதிரி.

தோல் வேலை செய்கிறவர்கள் மேல் ஒரு வாடை இருக்கும், அது எந்த சோப்புக்கும் போகாது என்று அத்தை முன்பே எச்சரித்திருந்தாள். அன்றைக்கு அவளோடு சண்டை போட்டிருந்தேன். இப்போது மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். சாமுவேலைக் குளித்துவிட்டு வரச் சொன்னேன். குளித்தார். சாப்பிட்டதும் மறுபடி சொன்னேன். மறுபடி குளித்தார். வேதக்காரராக இருந்தும் கோயில் ஊரில் இவ்வளவு பக்தியா என்று லாட்ஜ்காரர் உருகிப்போய், வெந்நீரைத் தானே சுமந்து வந்து வைத்தார்.

கடற்கரையில் நான் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன். வாடையும் கூடவே வந்தது. (அவ்வளவு தூரம் வீசும் புருஷனா என்று மலைத்தேன்.) மூன்றாம் நாள் சாயங்காலம், மீதி ஆயுளை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

“உங்க மேல வர்ற வாடைய என்னால தாங்க முடியலங்க. நான் எங்க வீட்டுக்கே போய்ட்றேன்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. ஆனால் கோபப்படவில்லை. சட்டையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது.

“அந்தாண்ட போய் நிக்கறேன். கம்மியாவுதான்னு பாரு” என்றார்.

போய் நின்று, “இப்ப?” என்று கத்தினார். இல்லை என்று கையாட்டினேன். இன்னும் தள்ளிப் போய்க் கேட்டார். மறுபடி கையாட்டினேன். கரையோரமாகப் போய்க்கொண்டே இருந்தவர் கடைசியில் காக்கா அளவுக்குச் சிறுத்துவிட்டார். வாடை மட்டும் அப்படியே இருந்தது.

கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கலாம் என்று மடியில் இருந்த பையைத் திறந்தேன். குப்பென்று மூஞ்சியில் அடித்தது.

வெட்கம் பிடுங்கித் தின்ன, பையைத் தூக்கிக்கொண்டு அவரை நோக்கி ஓடினேன். நான் ஓடி வருவதைப் பார்த்ததும், எனக்குத் தொந்தரவு வேண்டாமென்று பாவம், அவர் இன்னும் தள்ளி ஓடினார். சேலை தடுக்கி மணலில் நான் விழுந்த பிறகுதான் நின்றார்.

பையை நீட்டினேன். அதற்குள் மூக்கைவிட்டு ஆழமாக இழுத்தார். “நல்லாதான இருக்குது?” என்றார். பத்து வருஷத் தோல் வேலையில் அந்த மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. கல்யாண அவசரத்தில் சரியாகப் பதமாகாத தோலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடல் தண்ணீர் பட்டதும் அது தன் குணத்தைக் காட்டிவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரைப் போய் அப்படிச் சொல்லிவிட்டேனே என்று இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

ஊர் திரும்பி அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். இப்போது எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், அவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார். வாசல் கேட்டுக்குப் போய் நின்று, தெருவுக்கே கேட்கும்படி “இப்ப கம்மியா?” என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நியாயம் முழுக்க என் பக்கம் இருந்த சண்டையில்கூட நான் இதுவரை ஜெயித்ததில்லை.