இரண்டு கார்டுகளும் என் கழுகுக் கண்ணும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை மாலை நேரத்தில் இனி யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுதி பூண்டேன். யாருக்கும் என்றால் என் மனைவிக்கு. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அவள் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். மாலையில் வீட்டிலிருந்தபடியே சொந்தமாகச் சில வீடுகளுக்கு வரைந்து கொடுக்க ஆசைப்பட்டாள். எனக்கும் ஓர் ஆசை உண்டு. கார் பந்தயம். கம்ப்யூட்டருக்குள்தான். வெளியே ஓட்டத் தெரியாது.

இரண்டு ஆசைகள், ஒரே நாற்காலி.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது வரலாறு. ஆனால் சொந்தக்காரர்களுக்கு அந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. வயர் தொங்கும் எந்தப் பொருளுக்கும் நான்தான் வைத்தியர். இஸ்திரிப்பெட்டி சூடாகாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். அந்தப் பயத்திலேயே எதைப் பற்றியும் ஊன்றிப் படிக்காமல் வாய் திறக்க மாட்டேன்.

அப்படிப் படித்ததில் தெரிந்தது இது. பந்தயக் கார் வழுக்கிக்கொண்டு ஓட, திரையில் படம் காட்டுவதற்கென்றே தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். புதியது நம் கைக்கு எட்டாது. பழைய மலிவுக் கார்டுகளில்தான் தேட வேண்டும். பழையது என்று வந்துவிட்டால் அது வரலாறு. என் துறை!

பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடைக்காரர் இரண்டு கார்டுகளை எடுத்து வைத்தார்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு சார். இது நாலு ஜிபி, இது ரெண்டு ஜிபி. ஆனா பாருங்க, ரெண்டு ஜிபிக்குத்தான்..."

அவரை விளக்க விடவில்லை. நானே அவருக்கு விளக்கினேன். நெடுநேரம் விளக்கினேன்.

"சார், ரெண்டையுமே எடுத்துட்டுப் போங்க. போட்டுப் பாத்துட்டு வேண்டாததைத் திருப்பிக் கொண்டு வாங்க" என்று கும்பிட்டார். பாவம், அவருக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கடை சாத்த வேண்டியிருந்தது.

வீட்டில் விசாரணை.

"எதுக்குங்க ரெண்டு?"

"ஒப்பிட்டுப் பாக்க. நீயா இருந்தா எதை எடுப்பே?"

"நாலு ஜிபியைத்தான்."

வாய்விட்டுச் சிரித்தேன். "எல்லாரும் விழற குழி அது! நாலு ஜிபிங்கறது தொட்டி. அதுலேருந்து தண்ணி வர்ற குழாய் எவ்வளவு அகலம்னு யாராவது கேக்கறாங்களா? இந்தப் பெரியவனோட மெமரி பழைய ரகம். குழாயும் பாதி அகலம். சின்னவனுக்குத் தொட்டி சின்னது, குழாய் பெருசு. ஓட விட்டா பெரியவன் பின்னாடி நொண்டிக்கிட்டு வருவான்."

"அப்போ பெரியவனுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய தொட்டி?"

"அட்டைப்பெட்டி மேல பெருசா நாலுன்னு போடத்தான்."

"சில பேர் பேருக்குப் பின்னாடி பட்டம் போட்டுக்கற மாதிரி."

நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வெற்றிப் பாதையில் போகிறவன் வழியில் நிற்கக் கூடாது.

"இந்த வித்தியாசமெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"திரையில நம்பர் எதுவும் காட்டாம? வெறும் கண்ணால?"

"கழுகுக் கண்ணும்மா இது."

"அப்படின்னா ஒரு போட்டி. நான் மாட்டறேன், நீங்க ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க. உள்ளே என்ன இருக்குன்னு சரியாச் சொல்லிட்டா, சாயங்காலம் கம்ப்யூட்டர் உங்களுக்கு. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். தப்பாச் சொன்னா எனக்கு."

"பின்னாடி அழக் கூடாது."

"நானா?" என்றாள்.

எங்கள் வீட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடிப்பது அவள்தான். நான் ஆலோசனைப் பிரிவு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். வீரனுக்கு ஓய்வு முக்கியம். தூங்கி எழுந்தபோது கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

முதல் ஓட்டம். முதல் வளைவிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கார் திக்கியது. மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவை போல நின்றன.

"பெரியவன்" என்றேன்.

"அதுக்குள்ளயா? இன்னொரு சுத்து ஓட்டிப் பாருங்களேன்."

"எதுக்கு? குழாய் அடைச்சிருக்கு. சொட்டுச் சொட்டா வருது, தெரியல?"

என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். உள்ளே பெட்டியைத் திறக்கும் சத்தம், ஸ்க்ரூ திருகும் சத்தம், மூடும் சத்தம். பிறகு அழைப்பு வந்தது.

இரண்டாவது ஓட்டம். அடடா! என்னவென்று சொல்வது? மழை பெய்த சாலை பளபளத்தது. இலை நுனியில் நீர்த்துளி மின்னியது. எதிரே வந்த காரில் ஓட்டுநரின் மூக்கு வரை தெரிந்தது. அன்று வரை கடைசியாக வந்துகொண்டிருந்த நான் முதலாவதாக வந்தேன்.

"ஃபேன் சத்தத்தைக் கேளு. அப்போ முனகுச்சு. இப்போ பாடுது!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாங்க கேக்குது."

"அதுக்கெல்லாம் காது பழகணும்."

"முடிவாச் சொல்றீங்களா? மாத்த மாட்டீங்களே?"

"முதல்ல பெரியவன். இப்போ உள்ளே இருக்கறது சின்னவன். கல்வெட்டுல வெட்டிக்கோ!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கே இரக்கமாகிவிட்டது. தோற்றவர்களிடம் கடுமை காட்டக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சற்று நேரம் விட்டுக்கொடுக்கலாம் என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

அவள் தன் கைப்பையைத் திறந்தாள். ஒரு கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். "இது பெரியவன்."

இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "இது சின்னவன்."

துண்டு போர்த்திய பெட்டியைப் பார்த்தேன். "அப்போ... உள்ளே?"

"யாரும் இல்ல. கார்டு இல்லைன்னா மதர்போர்டே படம் காட்டும். இத்தனை நாளா நம்ம வீட்டுல காட்டினது அதுதானே?"

"முதல் தடவை?"

"அப்பவும் அதுதான். நடுவுல ஸ்க்ரூவைக் கழட்டி, அதே ஸ்க்ரூவை மாட்டினேன்."

"இது அநியாயம்! கார்டே இல்லாம எப்படி ஒப்பிடறது?"

"உள்ளே என்ன இருக்குன்னுதானே கேட்டேன்? ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

ஆனாலும் நான் நிலைகுலையவில்லை. படித்த படிப்பு பொய்யாகுமா?

"சரி. ஆனா என் கணக்கு தப்பில்ல. நிஜமா மாட்டிப் பாத்தா சின்னவன்தான் வேகம்."

"அதுல சந்தேகமே இல்லீங்க. நீங்க தூங்கும்போது ரெண்டையும் போட்டுப் பாத்தேன். பெரியவன் ஒரு ஜன்னலைக் காட்டறதுக்குள்ள மூச்சு வாங்கறான். சின்னவன் நான் வரைஞ்ச மாடி வீட்டையே அலுங்காம சுத்திக் காட்டறான்."

என் மார்பு மறுபடி நிமிர்ந்தது. கடைக்காரர் முன்னால் நான் விளக்கிய ஒவ்வொரு சொல்லும் உண்மை! அதை ஒப்புக்கொண்டதோ என் மனைவி!

"பாத்தியா!" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

"பாத்தேன். அருமையான தேர்வு" என்றபடி அவள் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாள். "எழுந்திருங்க, சின்னவனை மாட்டிட்டு நான் வரைய உக்காரணும்."