சிகோபெலாவின் புள்ளி

பதினொரு புள்ளிகளில் பத்து ஒழுங்காக நின்றன. பதினோராவது, சிகோபெலா ஊர், வரைதாளின் இடது மேல் மூலையில் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தது.

"இறங்கி வாயேன்டி," என்று சூல்வே அதனிடம் கெஞ்சினாள்.

எண்பத்தாறாம் வருடம். தெற்கு ஜாம்பியாவில், ரயில் பாதையோரத்து விவசாய அலுவலகம்; சூல்வே அங்கே கணக்கு எழுதுபவள். கணிப்பொறி எல்லாம் கிடையாது. கறுப்பு நூல், இரண்டு குண்டூசி, கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம். ஊருக்கு ஒரு புள்ளி: கிடையாக மழை, நெட்டாக மக்காச்சோள விளைச்சல். நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு புள்ளியும் அதற்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று அளந்து, அந்த அளவை அதாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைகிறதோ அங்கேதான் கோடு. அந்த நூலின் மெழுகு வாசனை இன்றும் சூல்வேயின் விரலில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாகாண அதிகாரி வருகிறார். கோடு அவருக்குப் பிடித்தால் தலைநகர் லுசாகாவில் ஒரு வருடப் படிப்பு. சுவரில் தொங்கிய போன வருடக் கோட்டைப் பார்த்துத்தான் அவர் அவள் பெயரையே விசாரித்திருந்தார்.

சிகோபெலாவைச் சேர்த்தாள். அந்த ஒற்றைப் புள்ளி நூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மழை பெய்யப் பெய்ய சோளம் குறையும் என்றது கோடு.

மேலாளர் முலேயா எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? மழை வேணாம்னு சர்ச்சுல ஜெபம் பண்ணச் சொல்லவா?"

சிகோபெலாவை எடுத்தாள்.

"பத்துதான் இருக்கு. சிகோபெலா எங்க?"

"அது ஒத்துவரல, முலேயா ஐயா."

"என் பொண்டாட்டி பொறந்த ஊரும்மா! மாமனார்தான் அங்க தலைவர். நான் வீட்டுல சாப்பிட வேணாமா?"

மழைக் கணக்கை ஊர்த் தலைவர்களே அலுவலகத்துக்குச் சீட்டில் அனுப்பிவிடுவார்கள். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் சோளத்தை எடை போடுவது ஹமூங்காவின் வேலை.

"ஹமூங்கா அண்ணே, சிகோபெலாவுல மட்டும் மறுபடி எடை போட்டுட்டு வாங்க."

"சிகோபெலாவா? இதோ கிளம்பிட்டேன்!" அந்த ஊர்ச் சோளப் பானத்துக்கு அவர் அடிமை.

மறுநாள் மீசையில் நுரையோடு வந்தார். "மன்னிச்சுக்கம்மா. போன தடவை ஏழு மூட்டையைப் பார்க்காம விட்டுட்டேன்."

புள்ளி இன்னும் மேலே ஏறியது.

வெள்ளிக்கிழமை காலை ரப்பரை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். புள்ளி போனது, தாளும் ஓட்டையானது. விதைப் பையிலிருந்து சோளக் கதிர்ப் படத்தை வெட்டி ஓட்டையின் மேல் ஒட்டினாள்.

அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "கோட்டை விட்டு ஒரு புள்ளியும் அதிகம் விலகலையே! இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததே இல்ல. அது என்ன கதிர்?"

முலேயா நெஞ்சை நிமிர்த்தினார். "என் மாமனார் ஊருங்க. அதுக்குத் தனி மரியாதை."

அடுத்த வாரம் லுசாகா ரயிலில் அவள் தகரப் பெட்டியை ஹமூங்காதான் ஏற்றிக் கொடுத்தார். அவளுக்கு மனசு உறுத்தியது.

"அண்ணே, நீங்க ரெண்டு தடவை அலைஞ்ச சிகோபெலாவை நான் அழிச்சிட்டேன். அது ஒண்ணுதான் தப்பா இருந்துச்சு."

ரயில் நகர்ந்தது. ஜன்னலைப் பிடித்தபடி கூடவே ஓடினார் ஹமூங்கா.

"அய்யோ, நான் நெசமாப் போய் எடை போட்டதே அது ஒண்ணுதாம்மா; மத்த பத்தையும் சுவத்துல இருந்த உங்க பழைய கோட்டைப் பார்த்து, சந்தேகம் வராம அங்கங்க கொஞ்சம் ஏத்தி எறக்கி எழுதிட்டேன்!"