அந்தோணிக்குத் தொண்ணூற்று நாலு சதவீதம்

"நாப்பது பேர்ல இருபத்தஞ்சு பேர் அந்தோணிக்கா? நம்ப முடியலம்மா," என்று ஜி.எம். வக்கார் அகமது காகிதத்தைத் தள்ளிவைத்தார்.

ஃபிர்தௌஸ் அசரவில்லை. மேல்விஷாரம் கல்லூரியில் அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு எச்.ஆர். ஆக வந்து இரண்டே மாதம். தொழிலாளர் கமிட்டிக்குத் தேர்தல் நடத்தி, தலைவர் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லி, ஷூக்களை வாங்கும் அமெரிக்க பையர் கடிதம் போட்டிருந்தார். போட்டி, கட்டிங் பிரிவு அந்தோணிக்கும் ஸ்டிச்சிங் பிரிவு கோவிந்தம்மாளுக்கும். யார் ஜெயிப்பார் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் ஃபிர்தௌஸின் வேலை நிரந்தரம்.

"அமெரிக்காவுல ஆயிரம் பேரைக் கேட்டு நாட்டு மனசையே சொல்லிடுவாங்க சார். ஆளுங்களைச் சரியா பொறுக்கணும், அவ்ளோதான்."

தொழிலாளர்களின் டோக்கன் நம்பரைக் குலுக்கி நூற்றைம்பது பேரைப் பொறுக்கினாள். பேக்கிங்கில் வேலை செய்யும் அமிர்தவள்ளியிடம் நோட்டைக் கொடுத்தாள். அமிர்தவள்ளி போனால் எல்லாரும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்கள். அதற்காகவே முதல் தடவையும் அவளைத்தான் அனுப்பியிருந்தாள்.

அந்தோணிக்கு எழுபத்தெட்டு சதவீதம்.

"ஸ்டிச்சிங்லயே முந்நூறு பொம்பளைங்க இருக்காங்க. அவங்க கோவிந்தம்மாளை வுட்டுட்டு அவனுக்கா போடுவாங்க?" என்றார் ஜி.எம்.

"ஒருவேளை பயந்து மறைக்கறாங்களோ இன்னாவோ. அங்கயும் அது நடக்கும் சார். பதில் சொல்றவங்க பேரே எழுத வேணாம்னு சொல்லிடறேன்."

அமிர்தவள்ளி பெயர் எழுதாமல் மறுபடி மிஷின் மிஷினாகப் போய்க் கேட்டாள். எண்பத்தாறு!

தேர்தலன்று ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் வாசலில் நின்றும் அவளே கேட்டாள். தொண்ணூற்று நாலு.

"எண்ணி முடிக்கட்டுமேம்மா," என்றார் ஜி.எம்., அரை மனதாக.

"அமெரிக்க டிவிக்காரங்க எண்ணி முடிக்கறவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க சார். கணக்குப் போட்டு அறிவிச்சிடுவாங்க."

ஃபிர்தௌஸ் மைக்கில் அறிவித்தாள். ஜி.எம். பையருக்கு மெயில் அனுப்பினார். மாலை போட்டுக்கொண்ட அந்தோணி நன்றியுரை தொடங்கி, தன் சின்ன வயசுக் கஷ்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது பெட்டியை எண்ணி முடித்தார்கள்.

மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. கோவிந்தம்மாளுக்கு முந்நூற்று எழுபத்தைந்து. அந்தோணிக்கு முப்பத்தேழு.

அந்தோணி மைக்கைக் கீழே வைத்தார். ஜி.எம். நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப பையருக்கு இன்னான்னு மெயில் போடறது?" என்றார். ஸ்டிச்சிங் பக்கம் விசில் பறந்தது.

ஃபிர்தௌஸுக்குக் காது சூடாகிவிட்டது. கணக்கில் பிழையில்லை; ஆள் பொறுக்கியதிலும் பிழையில்லை. நேராக பேக்கிங்குக்குப் போய் அமிர்தவள்ளியைப் பிடித்தாள்.

"நெஜமா கேட்டியா? இல்ல, நீயே எழுதிக்கினியா?"

"ஐயோ, ஒவ்வொருத்தரையும் மூஞ்சிக்கு நேரா பார்த்துத்தான் கேட்டேன் மேடம்."

"அப்போ உங்கிட்ட மட்டும் ஏன் எல்லாரும் பொய் சொல்லணும்?"

அமிர்தவள்ளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தோணி எங்க வூட்டுக்காரரு மேடம், எங்கிட்டயே அவருக்கு இல்லன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? நானே கோவிந்தம்மாளுக்குத்தான் போட்டேன்."