எரியும் விளக்கோடு ஒரு சீல்

அரசாங்கம் எனக்குக் கொடுத்த முதல் அதிகாரத்தை நான் நாற்பது நிமிடம்தான் ஒழுங்காக வைத்திருந்தேன். (முப்பத்தைந்து என்கிறாள் வளர்மதி. என் மனைவி. என் பெருமைகளில் எப்போதும் கொஞ்சம் கழித்துக்கொள்வாள்.)

விருத்தாசலத்தில், வரி கட்டாத சிகரெட்டைப் பிடிக்கிற ஓர் ஆபீஸில் அப்போது நான் புது உதவியாளர். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம். அதுவரை பெயர் கெடக் கூடாது. ஒரே கடை மூன்று முறை மாட்டினால் ஒரு மாதத்துக்கு சீல் வைக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. கல்யாணமான புதிதில் வளர்மதியை நேசித்த அளவுக்கு அந்த விதியையும் நேசித்தேன்.

செல்வி அக்கா கடை மூன்றாவது முறை மாட்டியது. பீங்கான் பொம்மை, ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு விற்கிற கடை. ஓரமாக வெளிநாட்டு சிகரெட்டும் போகும். இந்த முறை பாக்கெட்டுகள் பீங்கான் யானைகளின் வயிற்றுக்குள் இருந்தன. பெரிய யானைகளுக்கு அடிப்பக்கம் திறந்தே இருக்கும். கண்டுபிடித்தவன் நான்தான் என்று ஆபீஸில் கைகொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு யானை வாங்கலாமா என்று விலை பார்க்கத்தான் தூக்கினேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீல் வைக்கப் போனோம். அதிகாரி, நான், சாட்சிக்குப் பக்கத்து செருப்புக்கடைக்காரர். தெருவே வேடிக்கை பார்த்தது. கூட்டத்தைக் கண்டதும் எனக்குள் ஒரு பேச்சாளர் எழுந்துவிட்டார்.

"ஒரு தடவ பண்ணா தெரியாம பண்ணதுன்னு விட்டுடலாம். மூணு தடவன்னா அது பழக்கம். பழக்கத்துக்கு மன்னிப்பு கெடையாது" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரிடம் சொன்னேன். அதிகாரியே கொஞ்சம் நெளிந்தார்.

செல்வி அக்கா கடைக்குள் பார்த்தார். கார்த்திகைக்காக வாங்கி அடுக்கிய சரக்கு முழுவதும் உள்ளே இருந்தது. கூரை வரை பொம்மைகள், ஒவ்வொன்றையும் சுற்றி உடையாமல் இருக்க வைக்கோல். அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"வெள்ளிக்கெழம, வெளக்கு வெக்கிற நேரம் தம்பி. கடைய இருட்டுல மூடக் கூடாது. ஒரு வெளக்கு ஏத்திக்கிறன்."

பெருந்தன்மையாகத் தலையசைத்தேன். ஸ்டூலில் ஓர் அகலை வைத்து ஏற்றினார். கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம். ஷட்டரை இறக்கினேன், பூட்டினேன், துணி சுற்றினேன், அரக்கை உருக்கினேன். சூடான சொட்டு ஒன்று கட்டை விரலில் விழுந்து உயிர் போனது. அதிகாரி பார்க்கிறாரே என்று சிரித்து வைத்தேன். அவர் பித்தளை முத்திரையை அழுத்திவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு பஸ் ஏறிவிட்டார்.

கவனிக்க வேண்டும். நாங்கள் மூவரும் அந்த விளக்கைப் பார்த்தோம். ஆனால் வெள்ளிக்கிழமை அதுவுமாக, மூடப்போகிற கடையில், சாமி படத்துக்கு முன்னால், 'விளக்கை அணை' என்று எந்த வாயால் சொல்வது? எனக்கு முன்னால் மற்றவர் சொல்லட்டும் என்று ஆளாளுக்கு இருந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வளர்மதிக்கு போன் போட்டு முழு வீரத்தையும் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டாள்.

"சரிங்க. அந்த வெளக்க யாரு குளிர வெச்சது?"

நான் வீட்டுக்குப் போக வேண்டிய கருவேப்பிலங்குறிச்சி பஸ் என் கண் முன்னால் கிளம்பிப் போனது. நான் எதிர்த்திசையில் ஓடினேன்.

ஷட்டருக்கு அடியில் இரண்டு விரல் சந்து. குப்புறப் படுத்துப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சம் ஆடியது. சுற்றிலும் வைக்கோல். சீலை உடைக்கலாமென்றால், எழுத்து மூலமான உத்தரவில்லாமல் உடைப்பது குற்றம் என்ற நோட்டீஸ் கண்ணுக்கு நேராக இருந்தது. ஒட்டியவன் நான்தான், நான்கு மூலைக்கும் பசை தடவி. அதிகாரியின் போன் சுவிட்ச் ஆஃப்.

பெயிண்ட் கடையில் ஒரு நீள பிளாஸ்டிக் பைப் வாங்கி வந்து, சந்தில் விட்டு ஊதினேன். (விளக்கை வாயால் ஊதக் கூடாது என்பது தெரியும். பைப்பால் ஊதுவதைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.) வெளிச்சம் அணையவில்லை. இன்னும் பெரிதானது. பைப்பைப் பிடுங்கிவிட்டேன்.

தலைக்கு மேல் செல்வி அக்காவின் குரல் கேட்டது. "என்னா தம்பி, சீலு வெச்ச கடைக்குள்ள பைப்ப வுடுறீங்க?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சந்து வழியாகப் பார்த்தார்.

"எண்ணெ எவ்ளோக்கா ஊத்துனீங்க? சீக்கிரம் தீந்துடுமா?"

"ஒரு மாசம் மூடுறன்னு நீங்கதான சொன்னீங்க. கொஞ்சம் தாராளமாவே ஊத்திட்டன்."

ஒருவழியாக அதிகாரி போனில் கிடைத்தார். "யோவ், உடைச்சுத் தொலைய்யா" என்றார்.

"எழுத்துல வேணும் சார்" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. அவர் அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

சீலை உடைத்து, பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கியதும் காற்று உள்ளே புகுந்தது. சுடர் வைக்கோல் பக்கம் சாய்ந்தது. நான் பாய்ந்தேன். விளக்கை நோக்கித்தான் பாய்ந்தேன். போய்ச் சேர்ந்த இடம் யானை அலமாரி. ஏழு யானைகள் ஒன்றன் பின் ஒன்றாக என் முதுகில் இறங்கித் தரையில் சிதறின.

செல்வி அக்கா நிதானமாக நடந்து வந்து, சாமி படத்திலிருந்து ஒரு பூவை எடுத்து, திரியில் வைத்தார். விளக்கு குளிர்ந்தது. பிறகு என்னைத் தூக்கிவிட்டார்.

"அதுங்க வயித்துல ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாத்தையும் நீங்கதான் எடுத்துட்டீங்களே" என்றார்.

மறுபடி சீல் வைக்க முத்திரை வர வேண்டுமே. அதிகாரி திரும்பி வரும்வரை உடைந்த யானைகளை இருவருமாகக் கூட்டி அள்ளினோம். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை செல்வி அக்காவை ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். என் முன்னாலேயே அதிகாரி வெள்ளைத்தாளை நீட்டினார். "இவர் மேல புகார் எழுதித் தரலாம்மா. உங்களுக்கு உரிமை இருக்கு." எழுதினால் என் வேலை போய்விடும் என்பது அறையிலிருந்த மூவருக்கும் தெரியும். செல்வி அக்கா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டை விரலில் இருந்த கொப்புளத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

"மொத தடவதான சார். தெரியாம பண்ணிடுச்சி தம்பி, வுட்டுடுங்க" என்றார். தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தார். "மூணு தடவ ஆச்சின்னா தம்பிக்கும் ஒரு சீலு வெச்சிடுங்க."

அதிகாரி சத்தம் போட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், அழுகைதான் வந்தது. அன்று தெருவில் நான் பேசிய பேச்சு முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது. கடை திறந்த பிறகு அவர் சிகரெட் விற்கவில்லை. நானும் அதற்குப் பிறகு யாருக்கும் அறிவுரை சொல்லி சீல் வைத்ததில்லை.

ஆனால் இதையெல்லாம் வீட்டில் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. பால் பொங்கி வழிந்தாலும், மின் கட்டணத்தை மறந்தாலும், வளர்மதி திட்டுவதில்லை. "மொத தடவ" என்பாள். அடுத்து "ரெண்டாவது". அதற்குப் பிறகு நான் வீட்டில் மிக ஒழுக்கமாக நடந்துகொள்வேன்.

போன வாரம் மகளின் பள்ளி ஆண்டு விழாவை மூன்றாவது வருடமாகத் தவறவிட்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுத் திரும்பினால், என் செல்போனைத் துணியில் சுற்றி, நூலால் கட்டி, முடிச்சின் மேல் மெழுகு சொட்டி வைத்திருந்தாள் அந்த எட்டு வயது அதிகாரி. மேலே ஒரு காகிதம்: 'ஒரு வாரம் திறக்கக் கூடாது.' பக்கத்தில் மெழுகுவத்தி இருந்தது. அதை ஒழுங்காக அணைத்திருந்தாள். அந்த விஷயத்தில் அவள் அம்மா மாதிரி.