நான் நிமிர்த்திய காகிதப்பூச் செடி

மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கச் சுலபமான வழி, சும்மா இருப்பது. கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது.

சிவகாசியில் எங்கள் வீட்டு வாசலில் அத்தை வளர்த்த அடுக்குக் காகிதப்பூச் செடி நின்றது. அந்தப் பங்குனியில் இலையே தெரியாமல் பூத்து, பாரம் தாங்காமல் கிளைகள் தரையைத் தொட்டன. அத்தை ஒரு கவட்டைக் கம்பை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். கண்ணில் புரை விழுந்திருந்ததால், அத்தனை பூவும் அவருக்குப் புகைமூட்டமாகத்தான் தெரிந்தது. நாத்தனாரோடு மதுரைக்கு ஆப்பரேஷனுக்குக் கிளம்பும்போது, "வந்து மொதல்ல இதத்தேன் பாக்கணும். தண்ணி மட்டும் ஊத்து தாயி, போதும்" என்றார்.

எனக்குப் போதவில்லை. நான் காலண்டர் கம்பெனியில் டிசைனர். (ரோஜாத் தோட்டத்துக்குப் பின்னால் அருவியை ஒட்டவைப்பவள்.) அந்தக் கோணல் கம்பு கண்ணை உறுத்தியது. பிடுங்கி எறிந்தேன். பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் கிளைகளை எல்லாம் சேர்த்து ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினேன். செடி, ஹெட்மாஸ்டரைக் கண்ட பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் காற்றோடு கோடைமழை. நனைந்த பூக்கள் கனத்தன. கிளைகளுக்கு அசைந்துகொடுக்க வழியில்லை. 'மடக்'கென்று ஒரு சத்தம். வெடிச் சத்தத்துக்கே திரும்பிப் பார்க்காத ஊரில் நான் அலறிக்கொண்டு ஓடினேன். நடுத்தண்டு பிளந்திருந்தது.

என் கணவர் வந்து பார்த்தார். "காகிதப்பூ சட்டுனு வாடாது. ஒட்டவச்சுக் கட்டிருவோம். அம்மா கருப்புக் கண்ணாடிதான போட்டிருப்பாக?" என்றார். கட்டினோம். (அது தன் யோசனை என்று அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.)

அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குள் வராமல் நேரே செடியிடம் போனார். கண்ணாடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். "யாத்தி! ஒவ்வொரு பூவும் தனித்தனியாத் தெரியுதே!" என்று ஆசையாக ஒரு கிளையைத் தொட்டார். கிளை முழுசாக அவர் கையோடு வந்துவிட்டது.

அத்தை கிளையைப் பார்த்தார். பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எல்லாமே தெளிவாத் தெரியுது தாயி" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று வெகுநேரம் அந்தக் கிளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கண்ணில் மருந்து விடப் போனபோதும் அதைக் கீழே வைக்கவில்லை. செடி பிழைக்கவில்லை. வேறொன்று வாங்கி வரட்டுமா என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "இருக்கட்டும்" என்பார். அந்த ஒற்றைச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். தினமும் காலையில் அவளுக்கு ரெட்டைச்சடை பின்ன நான் உட்கார்ந்தால் போதும், உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும்:

"ஏத்தா, பாத்துக் கட்டு! பிள்ளைக்குத் தண்டு ஒடிஞ்சிரப் போகுது!"

"ஆச்சி, காப்பாத்துங்க!" என்று மகள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே ரிப்பனைக் கொஞ்சம் தளர்த்துவேன்.